அமாவாசை வார இறுதி: ஐந்து பேய்ப் படங்கள், ஒரு வேட்டி. எந்த வரிசையில் பார்க்கலாம்?

உறையூர்க்காரன் (புதன், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை என் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறார். சனிக்கிழமை அமாவாசை. சித்தப்பா வீட்டுத் தம்பியும் தங்கையும், அத்தை மகன் ஒருவனும் இரண்டு நாள் என்னோடு தங்க வருகிறார்கள். மூவருக்கும் பேய்ப் படம் என்றால் உயிர். எனக்கும்தான். நாற்பது வயதில் அதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருப்பதால் இங்கே வந்து சொல்கிறேன்.

நாங்கள் மாடிப் போர்ஷன், மொட்டை மாடியும் எங்கள் புழக்கத்தில்தான் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் பழைய புரொஜெக்டரைப் பாதி விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். திரைக்கு எட்டு முழ வேட்டி. தண்ணீர்த் தொட்டியின் தூணிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை இழுத்துக் கட்டி நேற்று ஒத்திகை பார்த்தேன். படம் நன்றாகவே விழுகிறது. காற்றடித்தால் கதாநாயகன் முகம் கொஞ்சம் நெளிகிறது. பேய்ப் படத்துக்கு அது கூடுதல் வசதி என்று வைத்துக்கொண்டேன்.

பட்டியல்: வெள்ளி இரவு 'யாவரும் நலம்' (2009). சனி இரவு 'ஈரம்' (2009), 'பீட்சா' (2012), 'டிமான்ட்டி காலனி' (2015). ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குள் 'சந்திரமுகி' (2005), கொஞ்சம் சிரித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவைக்க.

என் கருத்தையும் வைத்துவிடுகிறேன், அடிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். தமிழில் நல்ல பேய்ப் படம் என்பது வீட்டைப் பற்றிய படம். காடு, சுடுகாடு, ஜமீன் பங்களா எல்லாம் அதற்குப் பிறகுதான். 'யாவரும் நலம்' படத்தில் புது அடுக்குமாடி வீடு, பளிச்சென்ற சுவர், குடும்பம் நிறைய ஆட்கள். ஆனால் மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. வாங்கும் பால் தினமும் திரிந்துபோகும். மதியம் ஒரு மணிக்கு 13ஆம் சேனலில் ஓடும் தொடரில் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கும். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைச் சிங்கில் போட்டுவிட்டு, பெண்கள் சற்றே கால் நீட்டி உட்காரும் நேரம் அது. அந்த நேரத்தைப் போய் பேய் பிடித்துக்கொண்டதே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். பாழடைந்த பங்களாவில் பேய் வந்தால் என்ன ஆச்சரியம், அதற்கு வேறு எங்கே இடம்?

வரிசையை மாற்ற வேண்டுமா? எதையாவது தூக்க வேண்டுமா?

பழைய ரீல் (புதன், இரவு 10.25)

தம்பி, உங்கள் பட்டியலின்படி தமிழ்நாட்டில் 2005க்கு முன் யாரும் செத்துப் பேயாகவில்லை போலிருக்கிறது.

'யார் நீ?' (1966) பாருங்கள். ஜெய்சங்கர், ஜெயலலிதா. 'வோ கோன் தி' என்ற 1964ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தமிழ் வடிவம். மெட்டும் அங்கிருந்து வந்ததுதான், இசை வேதா. ஆனால் சுசீலா அம்மா 'நானே வருவேன்' என்று தொடங்கும்போது மெட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்ற ஞாபகமெல்லாம் யாருக்கு இருக்கும்? அந்தப் பாட்டு முடிந்ததும் எங்கள் வீட்டில் யாரும் தனியாகக் கொல்லைப்புறம் போனதில்லை. ரத்தம் கிடையாது, பல் கிடையாது, வெள்ளைச் சேலையும் ஒரு குரலும் மட்டும்தான்.

அடுத்தது 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). ஸ்ரீதர் இயக்கம், முற்பிறவிக் கதை. நம்பியாரின் முதுமை வேடத்தை ஒரு முறை பார்த்தால் போதும். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அதே வின்சென்ட் அடுத்த ஆண்டே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்ப் படத்தை இயக்கினார், வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில். ஒரு எழுத்தாளர் தனி வீட்டுக்குக் குடிவருகிறார், அங்கே இறந்துபோன பெண்ணோடு பேசத் தொடங்குகிறார். பயமுறுத்தும் அவசரமே இல்லாத படம். 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தின் நிழல்களைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள், ஒரே கை என்பது தெரியும்.

வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இருட்டை எப்படிப் படம்பிடிப்பது என்று தெரிந்தவர்கள் கறுப்பு வெள்ளைக்காரர்கள்தான்.

வெண்பா (வியாழன், காலை 7.15)

குறும்படங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலை பார்க்கிறேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கமே சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறையூர் அண்ணா, முதலில் ஸ்பீக்கரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? வேட்டிக்குப் பக்கத்தில் என்றால் பாதிப் பயம் காற்றோடு போய்விடும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டையும் உட்காருபவர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். சினிமா இலக்கணப்படி அது தவறு. ஆனால் திறந்தவெளி மாடியில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது முதுகுதான் காவலில்லாத இடம்.

இப்போது என் புகார். திடுக்கிடுவதும் பயப்படுவதும் ஒன்றல்ல. என் காதருகே யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் நானும் துள்ளிக் குதிப்பேன். அதற்காகத் தட்டைப் போட்டவரை இயக்குநர் என்று சொல்ல முடியுமா? பதினைந்து ஆண்டுகளாக நம் படங்களில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. அமைதி, அமைதி, டமார். பூனை. மறுபடி அமைதி, டமார். இந்த முறை பேய்.

'பீட்சா' ஏன் நிற்கிறது? விஜய் சேதுபதி கையில் டார்ச்சோடு அந்த வீட்டுக்குள் தனியாக அலையும் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படி, கதவு, மூச்சு. சந்தோஷ் நாராயணன் எவ்வளவு நேரம் வாசிக்காமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். வாசிக்காமல் இருப்பதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

'ஈரம்' அதே ரகம். அறிவழகனின் முதல் படம், தமன் இசையமைத்த தொடக்க காலப் படங்களில் ஒன்று, மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவு. படம் முழுக்க மழை ஈரம் காயாத சாம்பல் நிறம். அதில் பேய்க்கு முகமே தேவைப்படவில்லை, தண்ணீர் போதும். குழாயை இறுக மூடிய பிறகும் ஒரு சொட்டு விழுமே, அந்தச் சொட்டுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்களே, அதுதான் பயம்.

பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களை நீங்கள் பட்டியலில் சேர்க்காததற்கு நன்றி. 'சந்திரமுகி'யை மன்னித்துவிடுகிறேன்.

காஞ்சனா கட்சி (வியாழன், காலை 11.50)

வெண்பா அவர்களுக்கு மரியாதையுடன் மறுப்பு.

பேய்ப் படத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்ற நிலையை உருவாக்கியது யார்? 'முனி' (2007), 'காஞ்சனா' (2011). அதற்கு முன் எங்கள் வீட்டில் பேய்ப் படம் என்றால் அப்பா மட்டும் இரண்டாம் ஆட்டம் போவார். 'காஞ்சனா'வுக்குப் பாட்டியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரை பதினோரு பேர் போனோம். எனக்கு அடுத்த சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்ததும்தான் விட்டார்.

ராகவா லாரன்ஸ் நடித்த பாத்திரம் இருட்டினால் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் ஆள். கோவை சரளாவும் தேவதர்ஷினியும் அவரோடு சேர்ந்து அலறும்போது தியேட்டரில் இருந்த நாங்களும்தான் அலறினோம். ஆண்பிள்ளை பயப்படக் கூடாது என்று சொல்லி வளர்க்கும் ஊரில், கதாநாயகன் துணையில்லாமல் கழிப்பறைக்குப் போகமாட்டான் என்று காட்டியதே எனக்குப் பெரிய விஷயம்.

அதோடு விடவில்லை. சிரிக்க வைத்து உட்கார்த்திய பிறகு சரத்குமார் வருகிறார், திருநங்கை காஞ்சனாவாக. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், தன்னைப்போலவே துரத்தப்பட்ட ஒரு பெண்ணை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்க வைத்து, ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி வைத்திருப்பவர். நிலத்தைப் பிடுங்குபவர்கள் கொன்றுவிடுகிறார்கள். முதல் பாதியில் எந்தப் பேய்க்குப் பயந்து கத்தினோமோ அதே பேய்க்காக என் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழுந்து இது நடக்குமா?

வெண்பா (வியாழன், மதியம் 12.30)

பாட்டி அழுததை நான் எதிர்க்க முடியாது. 'காஞ்சனா' அதைச் செய்த முறை நேர்மையானதுதான், ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அதற்குப் பிறகு வந்த வரிசையோடு.

அதற்குப் பின் தமிழ்ப் பேய் ஒவ்வொன்றும் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வந்ததுபோல் ஆகிவிட்டது. 'ஐயா, நான் அநியாயமாகக் கொல்லப்பட்டேன். இணைப்பு: பிளாஷ்பேக், இருபது நிமிடம்.' உடனே கதாநாயகன் கையெழுத்துப் போட்டு வில்லனை ஒப்படைக்க வேண்டும். 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2024இல் நான்காம் பாகம் வரை வந்துவிட்டது. ஒரு பெரிய வீடு, ஒரு கூட்டம், ஒரு பிளாஷ்பேக், கடைசியில் அம்மன் பாட்டு. நான்காவதில் குஷ்புவும் சிம்ரனும் ஆடியது நன்றாக இருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறது. காரணமே இல்லாமல் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பதுதான் பேய்.

காஞ்சனா கட்சி (வியாழன், மதியம் 12.41)

அப்படியானால் 'பிசாசு' (2014)? மிஷ்கினின் பேய்க்கும் பிளாஷ்பேக் உண்டு. கதாநாயகன் பீர் குடித்தால் பாட்டிலைத் தட்டிவிடுகிறது. பேயா, பெரியம்மாவா? அங்கேயும் தியேட்டரில் சிரித்தார்கள். ஆனால் அதற்கு மட்டும் வயலின் வாசித்தால் கலைப்படம் என்கிறீர்கள்.

வெண்பா (வியாழன், மதியம் 12.44)

அரோல் கரோலியின் வயலினைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். இத்தோடு மதிய உணவுக்குப் போகிறேன்.

இரண்டாம் ஆட்டம் (வியாழன், பிற்பகல் 3.05)

'பீட்சா'வை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று புரியவில்லை. கடைசியில் பார்த்தால் [இங்கிருந்த மூன்று வரிகள் நீக்கப்பட்டன]

மட்டுறுத்துநர் (வியாழன், பிற்பகல் 3.09)

படம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆனாலும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது இங்கே விதி. உறையூர்க்காரரின் தங்கை இன்னும் பார்க்கவில்லையாம்.

நாகர்கோவில் நண்டு (வியாழன், இரவு 8.20)

'சந்திரமுகி'யைச் சிரிப்புப் படக் கணக்கில் சேர்த்ததை ஓரளவு ஏற்கிறேன். வடிவேலுவுக்காகவே அதைப் பத்து முறை பார்த்தவன் நான். சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டி ஓடிய படம் அது. ஆனால் அமாவாசை இரவுக்கு வேண்டியது அதன் தாய்ப்படம், 'மணிச்சித்ரத்தாழ்' (1993). பாசில் இயக்கம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு. 2024இல் புதுப்பித்துத் தியேட்டரில் மறுபடி வெளியிட்டபோது திருவனந்தபுரம் போய்ப் பார்த்தேன். முப்பது ஆண்டு பழைய படத்துக்கு வாலிபப் பிள்ளைகள் வந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதி பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தது. தக்கலைக்குப் பக்கத்தில், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போனபோது, கறுத்து மினுங்கும் அந்தத் தரையில் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார்கள். நண்பகலிலும் உள்ளங்கால் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்தான் எனக்கு அந்தப் படம்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மலையாளப் படத்தில் ஆவியாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். அந்தத் தமிழ்க் குரலைக் கொடுத்தவர் துர்கா என்ற டப்பிங் கலைஞர் என்பது பல காலம் கழித்துத்தான் பரவலாகத் தெரியவந்தது. அதே கதை தமிழுக்கு வந்தபோது சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து வந்தவள், தெலுங்கில் பாடுகிறாள். கன்னட 'ஆப்தமித்ரா'விலும் (2004) அவள் பேசுவது தெலுங்கு. இந்தி 'பூல் புலையா'வில் (2007) வங்காளி. எந்த மொழிக்குப் போனாலும் பேய் பக்கத்து வீட்டு மொழிதான் பேசுகிறது. முழுக்கப் புரிந்தால் பயம் வராது, முழுக்கப் புரியாவிட்டாலும் வராது. பாதி புரிய வேண்டும்.

பழைய ரீல் (வியாழன், இரவு 8.50)

நண்டு, இதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று பொறாமையாக இருக்கிறது.

தோபாயோ தென்றல் (வியாழன், இரவு 10.15)

சிங்கப்பூரிலிருந்து ஒரு யோசனை. இங்கே சீனர்களின் நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம். எங்கள் புளோக்குக்குக் கீழே காகிதப் பணம் எரியும், திடலில் கூடாரம் போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும், கெத்தாய் என்று பெயர். முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது வந்து பார்க்கும் ஆவிகளுக்கு. பன்னிரண்டு வயதில் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சீனப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தொட்டுப் பின்வரிசையைக் காட்டினார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நீங்களும் மாடியில் முன்னால் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வையுங்கள். செலவில்லாத ஏற்பாடு.

வெண்பா (வியாழன், இரவு 10.22)

இந்த இழையின் சிறந்த யோசனை இதுதான். காலி நாற்காலிக்கு பிளாஷ்பேக் கிடையாது.

மேலமாசி வீதி (வெள்ளி, காலை 6.30)

படங்களையே பேசுகிறீர்கள். தொண்ணூறுகளில் சன் டி.வி.யில் 'விடாது கருப்பு' பார்த்தவர்கள் யாரும் இல்லையா? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று நம்பும் ஊர். அந்தக் குளம்புச் சத்தம் தொடங்கினால் எங்கள் தெருவே அமைதியாகிவிடும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதே சத்தம் ஒரே நேரத்தில் கேட்கும். மேலே காஞ்சனா கட்சி சொன்ன தேவதர்ஷினி அதில் நடித்தவர்தான். நான்கு இளைஞர்களுக்கு ஓர் இரவில் ஒரு பகுதி போதும், மீதியை மறுநாள் அவர்களே கேட்பார்கள்.

புத்தகம் படிக்கும் பழக்கம் இருந்தால், விளக்கை அணைப்பதற்கு முன் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை யாராவது ஒருவர் உரக்கப் படியுங்கள். 1943இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. இதுவும் வீடுதான் உறையூராரே: ஒரு எழுத்தாளர், மனைவி, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் ஒரு வாசனை. காரணம் கடைசிவரை கிடைக்காது. வெண்பாவுக்குப் பிடிக்கும்.

உறையூர்க்காரன் (வெள்ளி, பிற்பகல் 2.10)

எல்லோருக்கும் நன்றி. இறுதிப் பட்டியல்: இன்றிரவு 'யாவரும் நலம்'. நாளை முதலில் 'காஞ்சனை' வாசிப்பு (தங்கை படிப்பாள், குரல் நன்றாக இருக்கும்), பிறகு 'நானே வருவேன்' பாட்டு மட்டும், பிறகு 'ஈரம்', 'பீட்சா', தெம்பிருந்தால் 'டிமான்ட்டி காலனி'. ஞாயிறு மதியம் 'சந்திரமுகி'க்குப் பதில் 'மணிச்சித்ரத்தாழ்'. தமிழ் எழுத்து வரிகள் வேட்டியின் கரை மேல் விழுகின்றன, அதனால் அதை வீட்டுக்குள் டி.வி.யில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால். நாற்காலி முன்னால், காலியாக. முறுக்கு ஒரு டின், காராச்சேவு அரைக் கிலோ.

உறையூர்க்காரன் (திங்கள், காலை 8.35)

அறிக்கை தாமதமானதற்கு மன்னிக்கவும். நேற்று முழுக்க மாடியைக் காயவைத்துக்கொண்டிருந்தோம். சொல்கிறேன்.

வெள்ளி இரவு எதிர்பார்த்தபடி போனது. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அத்தை மகன் எங்கள் டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கி வைத்தான். கேட்டால் மின்சாரச் சிக்கனம் என்றான்.

சனி இரவு எட்டரைக்கு மாடியில் கூடினோம். அமாவாசை என்பதால் வேட்டியைத் தவிர வெளிச்சம் இல்லை. தங்கை செல்போன் வெளிச்சத்தில் 'காஞ்சனை' படித்தாள். அந்த வாசனை வரும் இடத்தில், யார் வீட்டிலோ சாம்பிராணி போட்டார்கள். தம்பி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், இருபத்தாறு வயது. பிறகு பாட்டு. பழைய ரீல் அவர்களே, நீங்கள் சொன்னது உண்மை. பார்க்காத படத்தின் பாட்டுக்கு மூவரும் வாயைத் திறக்கவில்லை.

'ஈரம்' தொடங்கியது. பாதிப் படம் தாண்டியிருக்கும், முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம். முதலில் மெல்லிசாக, பிறகு சளசளவென்று. வெண்பா, உங்களை மனதாரப் பாராட்டினேன். 'பார்த்தாயா, ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்' என்று அத்தை மகனிடம் பெருமைகூடப் பேசினேன். திரையில் காட்சி மாறி ஒரு அறைக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர்ச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அதையும் இயக்குநரின் நுட்பம் என்று நினைத்தோம்.

அப்போது தங்கை மிக அமைதியாகச் சொன்னாள்: 'அண்ணா, என் கால் நனைகிறது.'

நான் குனிந்து தொட்டேன். பாய் ஈரம். சில்லென்ற தண்ணீர் எங்கள் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை, எழ முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் காலடி. ஒவ்வொரு படியாக, நின்று நின்று. கதவு முனகியது. தலையில் வெள்ளைத் துண்டு, இடுப்பில் வெள்ளை வேட்டி, கீழேயிருந்து மேல்நோக்கி ஒரு டார்ச் வெளிச்சம் முகத்தில். அத்தை மகன் முறுக்கு டின்னை எறிந்தான். நல்லவேளை, குறி தவறியது.

எங்கள் வீட்டுக்காரர். எழுபத்திரண்டு வயது. பனிக்காகத் தலையில் துண்டு. மாலை ஏழு மணிக்கு நான் போட்ட மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிந்து, மாடியெல்லாம் ஓடி, அவருடைய கட்டில்மேல் உள்ள ஜன்னல் வழியாகச் சாரலாக இறங்கியிருக்கிறது. முழங்கால் வலியால்தான் படிக்குப் படி நின்று வந்திருக்கிறார்.

மோட்டாரை அணைத்துவிட்டு வந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேட்டியைப் பார்த்தார். பிறகு நேராகப் போய், முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தோபாயோ தென்றல் அவர்களே, தோளைத் தொட்டுப் பின்வரிசையைக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

'ஈரம்' மீதியைப் பார்த்தார். அதில் தண்ணீர் வரும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பி என்னைப் பார்த்தார். 'பீட்சா'வும் முழுதாகப் பார்த்தார். விஜய் சேதுபதி அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கும் இடத்தில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் ரொம்ப வருத்தத்தோடு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'இவ்வளவு பெரிய வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்களே.'

'டிமான்ட்டி காலனி' போடவில்லை. சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஓர் இடம் இருக்கிறது என்று தம்பி பேச்செடுத்ததும், அங்கே இப்போது சதுர அடி என்ன விலை போகும் என்று அவர் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் ஆட்டம் (திங்கள், காலை 9.02)

பீட்சாவின் முடிவு வீட்டுக்காரருக்குப் பிடித்திருந்ததா? முடிவு என்ன என்று நான் சொல்லவில்லை, மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

காஞ்சனா கட்சி (திங்கள், காலை 9.10)

ஒரே ஒரு கேள்வி. அவர் கதவைத் திறந்து வந்து நின்றபோது அலறினீர்களா, சிரித்தீர்களா?

உறையூர்க்காரன் (திங்கள், காலை 9.14)

முதலில் அலறினோம். அப்புறம் நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார்.

காஞ்சனா கட்சி (திங்கள், காலை 9.15)

புதன்கிழமையிலிருந்து இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன்.

வெண்பா (திங்கள், காலை 9.31)

அவர் யாரையும் சிரிக்கவைக்கத் திட்டமிட்டு வரவில்லை, அதனால் உங்கள் கட்சிக்கு இதில் வெற்றி கிடையாது. தண்ணீர்ச் சத்தத்தை நீங்கள் எவ்வளவு நேரம் காரணம் தெரியாமல் கேட்டீர்கள் என்பதுதான் இங்கே செய்தி. தவிர, வீட்டுக்காரருக்கு பிளாஷ்பேக் ஒன்றும் இல்லையே?

உறையூர்க்காரன் (திங்கள், காலை 9.40)

இருந்தது. 'நானே வருவேன்' பாட்டை மறுபடி போடச் சொன்னார். 'யார் நீ?' வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தரை டிக்கெட்டுக்குப் போய், திரும்பும் வழியில் அண்ணன் வேண்டுமென்றே ஆற்றங்கரை இருட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அதே பாட்டைப் பாடினாராம். இரவு ஒன்றரை மணி வரை சொன்னார்.

பழைய ரீல் (திங்கள், காலை 9.46)

எந்தத் தியேட்டர் என்று கேட்டீர்களா?